நடுச்சிலுவை அடியில் இரண்டு மெழுகுத்திரிகள்

மழை அப்போதுதான் விட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நிற்கும் பெரிய சிலுவைக்கு அடியில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். பங்குச் சாமியார் கையில் ஒரு மெழுகுத்திரி. என் அண்ணி மதலேன் கையில் ஒரு மெழுகுத்திரி. என் கையில் தீப்பெட்டி.

இரண்டு திரியிலும் நெருப்பு இல்லை.

நான் அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ச் சிற்றாலயத்துக்குக் கோயில்பிள்ளை. மணியடிப்பது, பூசையில் பாடுவது, உள்ளே நுழையும் ஆடுகளைத் துரத்துவது எல்லாம் என் பொறுப்பு. பாடினால் சுருதி ஓடிவிடும். ஆட்டைத் துரத்தினால் அது என்னைத் துரத்தும். கல்லறைத் திருநாளன்று மட்டும்தான் எனக்குச் சுலபமான வேலை. கேட்கிறவர்களுக்கு நெருப்புக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தீக்குச்சி கிழிப்பதில் ஒரு மனிதன் எப்படித் தப்புப் பண்ண முடியும்?

ஆனால் இருவரும் நெருப்புக் கேட்கவில்லை.

ஈரச் சுண்ணாம்பு வாசனையும் சாமந்திப் பூ வாசனையும் கலந்து மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. ஊரே எங்களைப் பார்த்தது. கொஞ்சம் தள்ளி, என் அம்மாவின் கல்லறைப் பக்கத்தில் நின்ற நைனா, என் அப்பா, ‘ஏத்துடா’ என்று தலையை ஆட்டினார். அண்ணி, ‘ஏத்தாதே’ என்று கண்ணை உருட்டினாள். நான் குச்சியை எடுத்தேன். உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்தேன். கடைசியில் தீப்பெட்டியை மொத்தமாகச் சேற்றில் போட்டேன்.

உலக மகா யுத்தத்தில் அடியேன் ஆற்றிய பங்கு அதுதான்.

ஜெர்மன்காரனும் சாராயக் கடையும்

ஒரு மெழுகுத்திரிக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்ல நான் பிரான்ஸ் வரைக்கும் போய்விட்டு வரவேண்டும்.

எங்கள் ஊர் கிருமாம்பாக்கத்துக்கும் பாகூருக்கும் இடையில் கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே இருந்தது. இருந்தது பிரெஞ்சு ராஜ்யத்தில். மேற்கே வாய்க்காலைத் தாண்டினால் இங்கிலீஷ் ராஜ்யம். ஒரு பெரிய பண்ணையில் கூலி வேலை பார்த்த என் நைனா, காலையில் பிரெஞ்சு இந்தியாவில் நாற்றுப் பறித்து, மதியம் இங்கிலீஷ் இந்தியாவில் நடுவார். இரண்டு ராஜ்யத்துச் சேறும் அவர் காலில் ஒரே மாதிரிதான் காய்ந்தது.

பாரிசை ஜெர்மன்காரன் பிடித்துவிட்ட செய்தி எங்களுக்குச் சாராயக் கடையில் கிடைத்தது. புதுச்சேரிக்குக் கரும்பு ஏற்றிப்போன வண்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்தார்.

“பிரான்ஸு கத முடிஞ்சிதாம்பா. ஜெர்மன்காரன் உள்ள பூந்துட்டானாம்.”

“அப்ப நம்ம ஊரு இன்னா ஆவறது?” என்றார் கடைக்காரர்.

“அத்த யாரு கண்டா? புதுச்சேரியில கவர்னரு வூட்டாண்டயே ஆளாளுக்கு ஒண்ணு சொல்றான்.”

“ஜெர்மன்காரன் இங்க வந்தா இந்தக் கடைய மூடுவானா?” என்று கேட்டது நான்.

எதற்கும் இருக்கட்டும் என்று அன்று எல்லோரும் கூடுதலாகக் குடித்தார்கள்.

என் குழப்பம் வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுப் பூசையின் முடிவில், பிரெஞ்சு அரசாங்கத்தைக் காப்பாற்றும்படி லத்தீனில் ஒரு மன்றாட்டுப் பாடுவோம். நான் பல வருஷம் அதை மாதா பாட்டு என்று நினைத்து உருகிப் பாடிக்கொண்டிருந்தேன். அரசாங்கத்துக்கு என்று தெரிந்த பிறகு உருக்கம் கொஞ்சம் குறைந்தது. இப்போது அந்த அரசாங்கமே இல்லை என்கிறார்கள். பாடுவதா, விடுவதா? சாமியாரிடம் போனேன்.

“சாமி, அந்த கவர்மெண்டு பாட்டப் பாடட்டுமா?”

“எந்த அரசாங்கத்துக்கு?” என்றார் சாமியார்.

“அத்த நீங்கதான் சொல்லணும்.”

அவர் வெகுநேரம் தாடியைத் தடவினார். “இந்த ஞாயிறு மாதா பாட்டுப் பாடும்” என்றார்.

நான் பாடினேன். சில மாதம் கழித்து, லண்டனில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மன்காரனை எதிர்த்த ஒரு பிரெஞ்சு ஜெனரல் பக்கம் புதுச்சேரி சேர்ந்துவிட்டது என்றார்கள். பழைய பாட்டு திரும்பி வந்தது. எங்கள் ஊரில் ஒருவரும் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. நான் பாடினால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

சொல்தா சந்தியாகு

எங்களுக்கு இதெல்லாம் வெறும் சாராயக் கடைப் பேச்சு இல்லை. என் அண்ணன் சந்தியாகு அந்தப் பிரான்சுக்குள் இருந்தான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். அண்ணன் சொல்தா ஆனது வீரத்தால் அல்ல. கரும்பு வெட்டுவதற்குப் பயந்து. கரும்புத் தோகை கை காலெல்லாம் அறுத்துவிடுகிறது என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கி தூக்கப் போனான். முதலில் சைகோன். லீவில் வந்து மதலேனைக் கட்டிக்கொண்டு திரும்பவும் கப்பல் ஏறினான். யுத்தம் வந்ததும் பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள். ‘இங்கே குளிர் அதிகம், மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு கடிதம் வந்தது. பாரிஸ் ஜெர்மன்காரன் கைக்குப் போன பிறகு கடிதமும் நின்றது.

அதற்குப் பிறகு மூன்றாவது ஐப்பசி வந்தது. நைனா ஒரு கனவு கண்டார்.

“வாசல்ல வந்து நிக்கறான். சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கான். ‘நைனா, நெருப்பு குடு’ன்னு கேக்கறான். நான் தேடறேன், தேடறேன், கெடைக்கல.” அண்ணி பக்கம் திரும்பினார். “ஆத்துமம் வெளிச்சம் கேக்குது, மதலேன். இந்த வருஷம் நடுச்சிலுவைல அவனுக்கு ஒரு திரி ஏத்திடணும்.”

அண்ணி முறத்தை நிறுத்தவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: “பீடிக்குக் கேட்டிருப்பாரு மாமா.”

“இன்னாது?”

“ஒங்க புள்ளைக்கு மழையில பீடி இல்லாட்டி ஆவாது. பீடி கேக்கறவரு உசுரோட இருக்காருன்னுதானே அர்த்தம்?”

நான் சிரித்தேன். சிரித்தது நான் மட்டும்தான்.

திரியின் சட்டம்

கல்லறைத் திருநாளில் அவரவர் வீட்டுக் கல்லறையைச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடித்து, பூவைத்து, செத்தவர்கள் பேருக்குத் திரி ஏற்றுவோம். ஐப்பசிக் காற்றில் அணையாமல் இருக்க உடைந்த பானை ஓட்டை மறைப்பாக வைப்போம். தூர தேசத்தில் செத்து, இங்கே கல்லறை இல்லாதவர்களுக்கு நடுச்சிலுவை அடியில் ஏற்றுவார்கள்.

ஏற்றிவிட்டால் ஆள் செத்தது செத்ததுதான். ஊர் அதோடு கணக்கு முடித்துவிடும். பெண்டாட்டிக்காரி ஏற்றினால் அந்த வாரமே வெள்ளைப் புடவை. உயிரோடு இருக்கிறவனுக்கு அங்கே ஏற்றினால் அவன் ஆயுசு குறையும் என்பதும் எங்கள் ஊர் நம்பிக்கை. எந்த ஞானோபதேசத்திலும் அது இல்லை. ஆனால் பத்துக் கட்டளைகளைவிட அதற்குத்தான் எங்கள் ஊரில் பயம் அதிகம்.

மறுபக்கமும் இருக்கிறது. செத்தவனுக்கு ஏற்றாமல் விட்டால்? பாவக் கடன் தீரும்வரை ஆத்துமங்கள் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில், தன் பேரைச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லாமல், அவன் ஆத்துமம் இருட்டில் நிற்கும்.

ஏற்றினால் புருஷனைத் தன் கையால் சாகடித்ததுபோல. ஏற்றாவிட்டால் செத்துப்போன புருஷனைக் கைவிட்டதுபோல. அண்ணிக்கு அப்போது இருபது, இருபத்தொன்று வயசு இருக்கும். சோறு இறங்கவில்லை. ஜெபமாலையை எடுப்பாள், ‘அவரைப் பத்திரமாகக் கொண்டுவா’ என்பதா, செத்தவர்களுக்குச் சொல்கிறபடி ‘அவருக்கு நித்திய இளைப்பாற்றி கொடு’ என்பதா என்று தெரியாமல் கீழே வைப்பாள்.

“ரெண்டையும் சொல்லு அண்ணி. சர்வேசுரன் எது வேணுமோ எடுத்துக்குவாரு” என்றேன்.

“ஏண்டா, அவரு இன்னா சந்தையிலயா நிக்கறாரு, பொறுக்கி எடுக்க?”

மணியடிக்கப் போய்விட்டேன். நேரம் ஆகவில்லை என்று பாதியில்தான் ஞாபகம் வந்தது.

அவரைப் பந்தலில் ஒரு சந்தேகம்

திருநாளுக்கு முன்பாக நானும் அண்ணியும் சாமியாரைப் பார்க்கப் போனோம். மழையில் சாய்ந்த அவரைப் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அங்கியின் கீழெல்லாம் சேறு.

அவர் வடக்குப் பிரான்சில் ஏதோ ஒரு கிராமத்து மாட்டுக்காரக் குடும்பம். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், அதனால் எங்கள் கோழியைக்கூட ‘நீர்’ என்றுதான் விரட்டுவார்.

“ஸ்தோத்திரம் சாமி,” என்றாள் அண்ணி. சுற்றி வளைக்கவில்லை. “இருக்கறவருக்குத் திரி ஏத்தினா பாவமா? செத்தவருக்கு ஏத்தாம வுட்டா பாவமா?”

“ஜெபம் ஒருக்காலும் வீணாகாது, மகளே.”

“அது தெரியும் சாமி. நான் திரியக் கேக்கறேன்.”

சாமியார் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “உமது புருஷன் உயிரோடிருக்கிறான் என்று நீர் நம்புகிறீரா?”

“காலைல நம்பறேன். பொழுது சாஞ்சா நம்ப முடியல.”

பந்தல் மறுபடி சாய்ந்தது. நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். அப்புறம் சாமியார் சொன்னார்: “எனக்கு நேர்மாறு. என் தாயார் விடியற்காலையில் பால் கறக்கிறவள். ஜெர்மானியர் எங்கள் ஊரைத் தாண்டிப் போனதிலிருந்து எனக்கு ஒரு செய்தியும் இல்லை. ராத்திரியில் அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம். விடியும்போது நினைத்தால் கொட்டகை காலியாக இருக்கிறது.”

“அப்ப நீங்க இன்னா வேண்டிக்கறீங்க சாமி?”

“தெரியவில்லை, மகளே. முழங்காலில் நிற்கிறேன். அவ்வளவுதான்.”

நான் பந்தலுக்கு அடியில் பந்தக்காலாகவே நின்றேன். சாமியாருக்கே தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவரை இலைகளில் தேங்கிய மழைத் தண்ணீர் சொட்டி என் கழுத்துக்குள் இறங்கியது.

திரும்பி வரும்போது வரப்பில் அண்ணி சொன்னாள்: “சாமிக்கே தெரியலயேடா, சவரி.”

“ஆமா அண்ணி. இனிமே யாரப் போயி கேக்கறது?”

“ஆனா இப்ப கொஞ்சம் தேவலாம்போல இருக்கு.”

“எப்படி?”

“அது தெரியல.”

அன்று அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். என் பங்கிலிருந்துதான்.

மறுபடி சேற்றுக்கு

இப்போது நான் தீப்பெட்டியைச் சேற்றில் போட்ட இடத்துக்கு வருகிறேன்.

வருஷா வருஷம் சாமியார் நடுச்சிலுவையில் தன் தகப்பனாருக்கு ஒரு திரி ஏற்றுவார். அது ஊருக்குத் தெரியும். இந்த வருஷமும் கல்லறைகளுக்கெல்லாம் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகு அதை ஏற்றியாயிற்று. பானை ஓட்டுக்குள் எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அங்கிப் பையிலிருந்து இன்னொரு திரியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நைனா கட்டாயப்படுத்தி அனுப்பிய திரியோடு அண்ணி எதிரில் நின்றாள்.

நைனா சேற்றைச் சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு வந்தார். கையில் அம்மா கல்லறைத் திரி எரிந்தது.

“தீப்பெட்டியக்கூட புடிக்கத் தெரியல. ஒன்ன எவன்டா கோயில்பிள்ளையா வச்சான்?” என்று என்னை ஒரு வார்த்தை வாழ்த்திவிட்டு அண்ணியிடம் நீட்டினார். “இந்தா மதலேன். ஒங்க மாமியாரு திரியிலேர்ந்து புடிச்சிக்க. ஏத்தும்மா. அவன் நனைஞ்சிகினு நிக்கறான்.”

அண்ணி நைனாவைப் பார்க்கவில்லை. சாமியார் கையைப் பார்த்தாள்.

“சாமி, அது அம்மாவுக்கா?”

சாமியார் தோளைத் தூக்கி இறக்கினார்.

“ஒங்களால ஏத்த முடியல. என்னாலயும் முடியல,” என்றாள் அண்ணி. “அத்த இப்பிடி குடுங்க சாமி. நான் ஏத்தறேன்.”

“மகளே?”

“நீங்க ஏத்தினா ஒங்க அம்மா போயிட்டாங்கன்னு நீங்களே சொன்ன மாதிரி. எனக்கு அவங்க யாரு, எவருன்னு தெரியாது. நான் ஏத்தினா அவங்களுக்கு ஒண்ணும் ஆயிடாது. இருந்தாங்கன்னா, பாகூருப் பக்கத்துல எவளோ ஒருத்தி வேல மெனக்கெட்டு ஏத்தறாளேன்னு சிரிச்சிகினு பால் கறக்கட்டும். இல்லாம போயிருந்தா, வழிக்கு ஒரு வெளிச்சம்.” தன் கையில் இருந்த திரியை அவரிடம் நீட்டினாள். “எங்க வூட்டுக்காரருத நீங்க ஏத்துங்க.”

நைனாவுக்கு வாய் திறந்தபடி நின்றது. “இது எந்த ஊரு மொற?”

“இன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது, மாமா.”

சாமியார் தொப்பியைக் கழற்றினார். வேதசாஸ்திரத்தில் இதற்கு இடம் உண்டா என்று அவர் யோசித்தாரோ என்னவோ, நெற்றியில் மூன்று கோடு விழுந்தது. எனக்கு மட்டும் தலை சுற்றியது. யார் திரி, யார் பேர், யார் உயிரோடு என்று விரலை மடக்கிப் பார்த்தேன். விரல் போதும், அறிவுதான் போதவில்லை.

அவர் கையை நீட்டினார். திரிகள் கை மாறின. நைனா கையில் எரிந்த அம்மாவின் திரியிலிருந்தே இரண்டையும் பற்ற வைத்தார்கள்.

“அவங்க பேரு இன்னா சாமி?”

“ஒர்த்தான்ஸ்.”

அவர் எங்கள் ஊருக்கு வந்து அத்தனை வருஷத்தில் அந்தப் பேரை நாங்கள் கேட்டது அன்றுதான். அண்ணி இரண்டு மூன்று தரம் முயற்சி பண்ணினாள். நாக்கு ஒத்துழைக்கவில்லை. “சாமியாரம்மா,” என்று சொல்லித் திரியைச் சேற்றில் ஊன்றினாள். சாமியார் சுத்தமாக, ஒரு எழுத்துப் பிசகாமல், “சந்தியாகு” என்றார்.

நான் மட்டும் வேலையில்லாமல் நின்றேன். குனிந்து தீப்பெட்டியைத் தேடுவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வெள்ளைப் புடவை வரவில்லை

ஊர்ப் பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெண்டாட்டி ஏற்றவில்லை. அதனால் அவள் தாலியில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் திரி எரிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு வாரம் கிணற்றடியில் விவாதம் நடந்தது. பிறகு களையெடுப்பு வந்துவிட்டது.

அண்ணி தூங்க ஆரம்பித்தாள். ‘புருஷன் வருவான் என்று நம்பிவிட்டாயா?’ என்று யாராவது கேட்டால், “அது சாமியாரு பாடு. நான் அவங்க அம்மாவப் பாத்துக்கறேன்” என்பாள். இதற்குப் பேர் விசுவாசமா, வேலையைப் பங்கு போட்டுக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் யுத்தத்தால் ஊரே பல்லைக் கடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் முகம் தெளிந்துவிட்டது. சாமியாரும் மறுபடி விடியற்காலையில் விசிலடித்துக்கொண்டு பூசைக்கு வந்தார். விசிலில் அவருக்கும் சுருதி நிற்காது. அதில் எனக்கு ஒரு தனி ஆறுதல்.

யுத்தம் முடிகிற வரைக்கும் அப்படித்தான் நடந்தது. மெழுகு கிடைக்காத வருஷம் ஒரே திரியை இரண்டாக வெட்டிக்கொண்டார்கள். அதுவும் இல்லாத வருஷம் கொட்டாங்கச்சியில் எண்ணெய் ஊற்றி ஏற்றினார்கள். அவளுடையதை அவர், அவருடையதை அவள்.

ஒரு மத்தியானம் அண்ணன் வந்து சேர்ந்தான். கடலூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கிருமாம்பாக்கத்திலிருந்து வலது காலை இழுத்து இழுத்து நடந்தே வந்தான். ஜெர்மன்காரன் சிறையில் வருஷக்கணக்காகக் கிடந்திருக்கிறான். நைனா அவனைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அன்னிக்கு நெருப்பு கேட்டியே, அது பீடிக்காடா?”

அண்ணன் திருதிருவென்று முழித்தான். விஷயம் தெரிந்ததும் அண்ணியிடம் எகிறினான். “நான் உசுரோட இருக்கச்சொல்ல எனக்குத் திரி ஏத்தினியா?”

“நான் ஏத்தல,” என்றாள் அண்ணி, தட்டில் சோறு போட்டுக்கொண்டே. “சாமி ஏத்தினாரு. போயி அவரக் கேளுங்க.”

அதே மாதம் சாமியாருக்கும் ஊரிலிருந்து சேதி வந்தது. ஜெர்மானியர் வந்த அந்தக் கோடையிலேயே அவர் தாயார் இறந்துவிட்டிருந்தாள். அண்ணி முதல் திரியை ஏற்றுவதற்கு முன்பே.

நெருப்பு

அடுத்த கல்லறைத் திருநாளில் நாங்கள் நான்கு பேர் நடுச்சிலுவை அடியில் நின்றோம். எனக்கு ஒரு சந்தேகம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன்.

“சாமி, அண்ணி ஏத்தினதெல்லாம் ஒங்க அம்மாவுக்குப் போயிடுச்சி, சரி. எங்க அண்ணன் பேருல நீங்க ஏத்தினதெல்லாம் யாருக்குப் போச்சி?”

சாமியார் தாடியைத் தடவினார். எனக்கு அந்தத் தடவல் நன்றாகத் தெரியும். தெரியாது என்று அர்த்தம்.

பதில் சொன்னது அண்ணன். “ஜெயில்ல எம் பக்கத்துல ஒருத்தன் படுத்திருந்தான். ஆப்பிரிக்காக்காரன். அவன் பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவனுக்குப் புரியாது. குளுர்ல போயிட்டான். பேரு கேட்டு வச்சிக்கல.” மண்ணைக் காலால் கிளறினான். “அவனுக்குப் போயிருக்கும்.”



சாமியார் அங்கிப் பையிலிருந்து தன் தாயாருக்கான திரியை எடுத்தார். இனிமேல் அதை அவரே ஏற்றலாம். சந்தேகத்துக்கு இடம் இல்லை. அண்ணி மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள். அவர் திரியைப் பார்த்தார். பிறகு அதை அவளிடம் நீட்டினார்.

“நீரே ஏற்றும், மதலேன். என் தாயாருக்கு உமது கை பழகிப்போயிற்று.”

அண்ணி வாங்கிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“இன்னாடா பாத்துகினு நிக்கற? நெருப்பு குடு.”